மதிலுக்கு வெளியே நின்று வரைந்த படம்

ஆரல்வாய்மொழிக் கணவாய் அதன் பழைய அரண்களோடு எப்படி இருந்தது என்று நமக்குக் காட்டுகிற ஆள், அதை உடைத்த ஆள்தான். பெயர் ஜேம்ஸ் வெல்ஷ். 1775இல் எடின்பரோவில் பிறந்து, மீசை முளைக்கும் முன்பே கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தவர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுப் பட்டாள வாழ்க்கையின் நாட்குறிப்புகளை 1830இல் லண்டனில் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். அந்த நூலோடு தொண்ணூறுக்கு மேற்பட்ட படங்கள், அவர் போன இடங்களில் அவரே வரைந்தவை. கோட்டை, மலை, கோயில் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வரைகிற கை. 1809 பிப்ரவரி 10 விடியற்காலையில் ஆரல்வாய்மொழி மதிலில் ஏறிய படைப்பிரிவை நடத்திப்போனவரும் இவரே.

நம் வரலாற்று நூல்களில் இப்படிப்பட்ட படங்களைச் 'சான்று' என்று பக்கத்தோரம் போட்டுவிட்டு எழுத்துக்குப் போய்விடுவார்கள். படம் என்றால் இருந்ததை இருந்தபடி காட்டுவது என்று நினைப்பு. அது யாருடைய தேவைக்காக, எந்த இடத்தில் நின்று வரையப்பட்டது என்ற கேள்வி வருவதில்லை.

அந்தக் காலத்து இங்கிலாந்துப் பட்டாளத்தில் படம் வரைவது தொழிற்கல்வியின் ஒரு பகுதி. வூல்விச் ராணுவக் கல்லூரியில் பால் சாண்ட்பி என்ற பேர்பெற்ற நிலக்காட்சி ஓவியர் கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஓவிய வாத்தியாராக இருந்தார். அழகுணர்ச்சி வளர்க்கவா அவரை வைத்தார்கள்? புகைப்படம் இல்லாத காலம். ஒரு மலையைப் பார்த்தால் அதன் சரிவு எவ்வளவு, பீரங்கியை எங்கே ஏற்றலாம், எந்தப் பள்ளத்தில் ஆள் மறையலாம், எதிரியின் குண்டு எதுவரை எட்டும் என்று கணக்குப் போடத் தெரிந்த கண்ணை உண்டாக்குவதற்காக. கம்பெனியும் தன் பங்குக்கு ஆடிஸ்கம் என்ற இடத்தில் ஒரு பட்டாளக் கல்லூரி திறந்தது. அங்கேயும் ஓவியம் பாடம். திறந்த ஆண்டு 1809, ஆரல்வாய்மொழி விழுந்த அதே ஆண்டு. வெல்ஷுக்கு அந்தப் படிப்பெல்லாம் இல்லை. அவர் களத்திலேயே கற்றுக்கொண்டவர். ஆனால் கண் அதே கண்.

அவர் காட்டும் கணவாய் இது. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியப்போகிற இடத்தில் ஒரு திறப்பு. கிழக்கே திருநெல்வேலிச் சீமையின் வறண்ட வெளி, மேற்கே தோவாளையும் நாஞ்சில் நாட்டு வயல்களும். இந்தத் திறப்பின் குறுக்கே ஒரு மலைத்தொடரிலிருந்து அடுத்த மலைத்தொடர்வரை சுமார் இரண்டு மைல் நீளத்துக்கு அரண். தெற்கு முனையில் நன்றாக அரண்செய்யப்பட்ட கரடுமுரடான குன்று. வடக்கு முனையில் ஒரு பாறைக் கொத்தளம். இடையிலே சின்னச்சின்னக் கொத்தளங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டோ மூன்றோ பீரங்கி. கொத்தளத்துக்கும் கொத்தளத்துக்கும் நடுவே குண்டு துளைக்காத கல்மதில். மதிலுக்கு முன்னால் கட்டிப் பின்னிய முள்வேலி. அதற்கும் முன்னால் பாறையும் ஓடைப் பள்ளங்களுமாக, நெருங்கவே கஷ்டமான காடு.

இந்த வரிசையைக் கவனியுங்கள். நீளம், முனைகள், பீரங்கி, சுவரின் பலம், வேலி, அணுகும் வழி. தாக்கப் போகிறவன் கேட்கிற கேள்விகளின் வரிசை இது. மதிலுக்கு உள்ளே இருப்பவனுக்கு அந்த முள்வேலி 'அணுகக் கஷ்டமானது' இல்லை. அவன் வீட்டு ஆடு போய்ச் சிக்கிக்கொள்கிற வேலி. ஓடைப் பள்ளம் தண்ணீர் வருகிற வழி. உள்ளே இருந்து பார்த்தால் இந்த மதில் எப்படித் தெரிந்தது என்று சொல்ல நம்மிடம் ஒரு கோடுகூட இல்லை. சுமார் பத்தாயிரம் பேர், ஐம்பது பீரங்கி என்று கம்பெனித் தரப்புக் கணக்கு ஒன்று புத்தகத்துக்குப் புத்தகம் ஏறி வருகிறது. ஜெயித்தவன் சொல்கிற எண்ணிக்கை. தோற்றவன் தொகை பெருத்தால்தானே ஜெயித்தவன் பெருமை பெருக்கும். என்னைக் கேட்டால் அந்தப் பத்தாயிரத்தை அடைப்புக்குறிக்குள் வைத்துக்கொண்டு படிப்பதே நல்லது.

யார் கட்டிய மதில்? மார்த்தாண்ட வர்மா, அவருக்குப் பின் தர்மராஜா என்று மன்னர் பேர் சொல்வார்கள். அடுத்து டிலனாய் பேர் வரும். டச்சுக்காரர்களின் படையோடு வந்து 1741 குளச்சல் சண்டையில் பிடிபட்டு, பிடித்தவனிடமே தளபதியாகி, 'வலிய கப்பித்தான்' ஆனவர். திருவிதாங்கூரின் வடக்கே நெடுங்கோட்டையும் தெற்கே இந்தப் பக்கத்து அரண்களும் அவர் பேரோடு சேர்ந்தவை. 1777இல் இறந்த அவருடைய கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது, லத்தீனிலும் தமிழிலும் பொறித்த எழுத்துகளோடு. தளபதியின் பேர் இரண்டு மொழியில் கல்லில் நிற்கிறது. கல்லைச் சுமந்தவன்? திருவிதாங்கூரில் அதற்கு 'ஊழியம்' என்று பேர். கூலி கிடையாது. கீழே வைக்கப்பட்ட சாதிகள் அரசுக்கும் கோயிலுக்கும் செய்தே தீரவேண்டிய வேலை. இரண்டு மைல் கல்மதில் எந்த முதுகில் ஏறி வந்திருக்கும் என்று ஊகிக்க ஆவணக் காப்பகத்துக்குப் போகவேண்டியதில்லை.

இதே ஊர் மலையில்தான், காற்றாடிமலையில், 1752 ஜனவரி 14 அன்று தேவசகாயம் பிள்ளையைச் சுட்டுக் கொன்றார்கள். மார்த்தாண்ட வர்மாவின் அரசில் வேலை பார்த்தவர், டிலனாயின் பழக்கத்தில் கிறித்தவரானவர். 2022இல் ரோமில் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். நாட்டை விட்டுத் தள்ள வேண்டியவனை நாட்டின் எல்லை வாய்க்குக் கொண்டுவந்து நிறுத்துவது அரசுக்கு வசதி போலிருக்கிறது. கணவாய்க்குப் படை மட்டும் வந்து போகவில்லை என்பதற்காகச் சொன்னேன்.

இனி வெல்ஷைக் கொஞ்சம் பார்க்கலாம், ஏனென்றால் ஆள் நமக்குப் புதியவர் இல்லை. சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்ட வெள்ளைக்கார இளைஞன் என்று மேடைகளில் சொல்வார்களே, அவர்தான் இவர். 1795 வாக்கில் மதுரையில் இருந்தபோது ஏற்பட்ட சிநேகம். 1801இல் பாஞ்சாலங்குறிச்சி முற்றுகையிலும், பிறகு மருதுவைக் காடு காடாகத் துரத்திப் பிடித்துத் தூக்கில் போட்ட படையிலும் அதே வெல்ஷ் இருந்தார். மருதுவைப் பற்றி அவர் உருக்கமாகவே எழுதுகிறார். களத்தில் குற்றுயிராகக் கிடந்த ஊமைத்துரையை அம்மை கண்ட பிணம் என்று சொல்லி ஒரு தாய் காப்பாற்றிய கதை நமக்குக் கிடைத்ததும் இவர் எழுத்தில்தான். வீரம், துரோகம், தாய்மை என்று நம் பள்ளிப் பாடத்தில் நெகிழ்கிற இடங்கள் பலவும் எதிர்ப்படை அதிகாரி ஒருவரின் நோட்டுப் புத்தகத்திலிருந்து இறங்கியவை. இதை நாம் வெட்கத்தோடு சொல்லவேண்டியதில்லை. ஆனால் தெரிந்து சொல்லவேண்டும். எதிரியை மதிக்கத் தெரிந்த கனவான் என்று தன்னையும் சேர்த்தே அவர் வரைந்துகொள்கிறார்.

அந்தக் கனவானின் இன்னொரு பக்கம் 1806இல் பாளையங்கோட்டையில் தெரிந்தது. ஜூலை 10 அன்று வேலூரில் சிப்பாய்கள் எழுந்தார்கள். நாலு மாதம் கழித்து, தன் கீழிருந்த முஸ்லிம் சிப்பாய்கள் சதி செய்கிறார்கள் என்ற சந்தேகத்தில் அவர்களுடைய ஆயுதத்தைப் பிடுங்கிக் கோட்டைக்கு வெளியே துரத்தினார் மேஜர் வெல்ஷ். மேலிடமே அதிர்ந்துபோய் ராணுவ விசாரணை வைத்தது. குற்றமில்லை என்று விடுதலை. சிப்பாயை நம்ப முடியாது என்று முடிவெடுத்த அதே மனிதர், இரண்டு வருஷம் சொச்சத்தில், சிப்பாய்களைக் கூட்டிக்கொண்டு இருட்டில் மலை ஏறப்போகிறார்.

சண்டைக்கான காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், பாடப் புத்தகத்தில் இருப்பதுதான். 1805 உடன்படிக்கைப்படி திருவிதாங்கூர் ஆண்டுக்கு எட்டு லட்சம் ரூபாய் கம்பெனிக்குக் கட்டவேண்டும். கட்ட முடியவில்லை. ரெசிடென்ட் கர்னல் காலின் மெக்காலே நெருக்கினார். (1801 மார்ச்சில் பாஞ்சாலங்குறிச்சியில் அடிபட்டுத் திரும்பிய அதே மெக்காலே. நமக்கு ஆங்கிலக் கல்வி கொடுத்த மெக்காலேக்குப் பெரியப்பா முறை.) திவான் வேலுத்தம்பி, கொச்சியின் பாலியத்தச்சனோடு சேர்ந்து, 1808 டிசம்பர் 28 இரவு மெக்காலேயின் மாளிகையைத் தாக்கினார். மெக்காலே தப்பினார். 1809 ஜனவரி 11 அன்று குண்டறைப் பிரகடனம். பிப்ரவரி தொடக்கத்தில் கர்னல் செயின்ட் லெஜரின் படை ஆரல்வாய்மொழிக்கு முன்னால் வந்து முகாமிட்டது.

நேராக மதிலில் மோதினால் சாவுதான். தெற்குக் குன்றின் வழியாக ஏறுவது என்று முடிவாயிற்று. பிப்ரவரி 9 இரவு வெல்ஷின் கூட்டம் கிளம்பியது. பாறையைப் பிடித்தும் புதரைப் பிடித்தும் சுமார் ஆறு மணி நேர ஏற்றம். விடியும் முன் மதிலடிக்கு வந்துவிட்டார்கள். மேலே இருந்தவர்கள் எதிர்பார்க்கவில்லை. குன்று விழுந்ததும், கீழே இரண்டு மைல் நீளத்துக்குக் குண்டு துளைக்காமல் நின்ற மதிலுக்கு அர்த்தமில்லாமல் போயிற்று. கொத்தளங்களின் பீரங்கிகளெல்லாம் கிழக்கே, சமவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தன. கோட்டாறு, நாகர்கோவில் போயின. உதயகிரியும் பத்மநாபபுரமும் சண்டையில்லாமலே திறந்தன.

என் ஊர்ப்பக்கத்தில் இன்னும் வேறு கதை. கணவாய்ப் பக்கம் டீக்கடையில் ஒரு பெரியவர் சொன்னார்: "அது ராசா காலத்து மதிலாக்கும். வெள்ளக்காரன் பெரிய பெரிய பீரங்கியக் கொண்டுவந்து ஒடச்சான்னு சொல்லுவாவ. இல்லேன்னா ஒடையுமா பின்ன?" பீரங்கி உடைக்கவில்லை, ஆட்கள்தான் பின்னிரவில் ஏறினார்கள் என்றேன். "ஆரு ஏறினா?" என்றார். நல்ல கேள்வி.

யார் ஏறினார்கள்? மன்னரின் 69ஆவது ரெஜிமென்ட் வெள்ளைக்காரர்கள் அந்தப் படையில் இருந்தார்கள். வேலூர் எழுச்சியில் நூற்றுக்கும் மேல் சாகக் கொடுத்த அதே ரெஜிமென்ட். அவர்களோடு சென்னைப் படையின் சிப்பாய்கள். தமிழும் தெலுங்கும் தக்கனி உருதுவும் பேசியவர்கள், மாதச் சம்பளத்துக்கு வந்த விவசாயி, நெசவாளி வீட்டுப் பிள்ளைகள். இவர்கள் பேர் வெல்ஷின் புத்தகத்தில் கதாபாத்திரமாக வருவதில்லை. படம் வரைகிறபோது அவர்கள் அவருக்குப் பின்னால் நிற்கிறார்கள், சட்டகத்துக்கு வெளியே. மதிலுக்குள் இருந்தவன் மதிலால் மறைந்தான். வெளியே இருந்தவன் வரைகிறவனின் முதுகுக்குப் பின்னால் மறைந்தான். மிஞ்சியது கல்லும் மலையும்.

இந்த இடத்தில் இரண்டு தேசிய வரலாறுகளும் வந்து நின்று தடுமாறுகின்றன. கேரள வரலாற்றில் வேலுத்தம்பி வீரநாயகன். திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன்னால் சிலையாக நிற்கிறார். அவர் பிறந்த தலக்குளம் இன்று தமிழ்நாட்டுக் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. ஆகவே தமிழ் வரலாற்றுக்கு அவர் பாதிச் சொந்தம், பாதி அந்நியம். மருதுவுக்கு விழா எடுக்கிறவர்கள், அதே வெல்ஷ் எட்டு வருஷம் கழித்து முறியடித்த இன்னொரு ஆளைக் கண்டுகொள்வதில்லை. மாநில எல்லையை 1809க்கும் கொண்டுபோய்ப் போட்டுப் பார்க்கிறோம்.

வீரநாயகனையும் சும்மா விட முடியாது. 1799இல் அநியாய வசூலுக்கு எதிராகக் கூட்டம் திரட்டித்தான் அவர் மேலே வந்தார். திவான் ஆனபின், 1804இல் நாயர் படையினரின் படிச் சலுகையில் கைவைக்கப் போய் அவர்கள் எழுந்தபோது, இதே மெக்காலேயின் துணையோடு அதை நசுக்கினார். கிருஷ்ண பிள்ளை என்ற தலைவனை யானைகளின் காலில் கட்டிக் கிழித்தார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் அந்த எட்டு லட்ச உடன்படிக்கை. கணவாய் விழுந்த பிறகு மண்ணடியில் பிடிபடும் முன் தன்னை மாய்த்துக்கொண்டார். அவர் பிணத்தைத் திருவனந்தபுரத்தில் கண்ணம்மூலையில் கழுமரத்தில் தொங்கவிட்டார்கள். கவர்னர் ஜெனரல் மின்டோவே அதைக் கண்டித்தார். சாவின் அந்தக் கொடூரம் மற்ற எல்லாவற்றையும் கழுவிவிட்டது.

குண்டறைப் பிரகடனத்தைப் படிக்கிறவர்கள் 'விடுதலை' என்ற சொல்லைத் தேடிப் போகிறார்கள். அதில் அடித்துப் பேசப்படுகிற பயம் வேறு. வெள்ளைக்காரன் வந்தால் கோயிலில் சிலுவை ஏறும், சாதி விட்டுச் சாதி கலப்பு நடக்கும், ஆசாரம் அழியும். வரியைப் பற்றியும் உண்டு. ஆனால் மக்களைத் திரட்டுவதற்குச் சாதி அழியும் என்ற எச்சரிக்கையே ஆயுதம். 1801இல் மருது திருச்சியில் ஒட்டிய அறிக்கை இதைவிடப் பரந்தது என்பது உண்மை. பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முசல்மான் என்று எல்லாரையும் விளிக்கிறது. எல்லாரையும் என்று நான் சொன்னது அந்தப் பட்டியல் எங்கே முடிகிறது என்று பார்க்கும்வரைதான்.

பட்டியலில் இல்லாதவர்களுக்கு 1809 என்ன ஆண்டு? கணவாயிலிருந்து கொஞ்ச தூரத்தில் மயிலாடி. அந்த ஊர்ப் பறையர் ஒருவர், மகாராசன், தஞ்சாவூர்ப் பக்கம் போனபோது கிறித்தவராகி வேதமாணிக்கம் ஆனார். அவர் அழைத்து, 1806இல் ரிங்கல்தௌபே என்ற லண்டன் மிஷன் போதகர் இதே கணவாய் வழியாக மயிலாடிக்கு வந்தார். ஆலயம் கட்ட அரசு அனுமதி தரவில்லை. வேலுத்தம்பி போன பிறகு, மெக்காலேயின் தயவில், 1809இல் மயிலாடியில் கட்டினார்கள். நாட்டு வரலாற்றில் சுதந்திரம் பறிபோன வருஷம், மயிலாடிச் சேரியில் தங்களுக்கென்று ஒரு கூரை எழுந்த வருஷம். இந்த இரண்டையும் ஒரே நாட்காட்டியில் வைத்துப் பேச நமக்கு இன்னும் வரவில்லை. ஒன்றைச் சொன்னால் 'வெள்ளைக்காரனுக்கு வக்காலத்து' என்பார்கள், மற்றதைச் சொன்னால் 'மேல்சாதி தேசியம்' என்பார்கள்.

வெள்ளைக்காரன் விடுவித்தான் என்று எழுதவும் நான் தயாரில்லை. மெக்காலேயின் சொந்தத் தம்பி சகாரி மெக்காலே லண்டனில் அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடியவர். இங்கே அண்ணன் ரெசிடென்டாக இருந்த சமஸ்தானத்தில் வயலோடு சேர்த்து ஆளை விற்றுக்கொண்டிருந்தார்கள். கணவாய் விழுந்தபின் கம்பெனியின் கையில்தான் குடுமி. கப்பம் ஒழுங்காக வந்தது. அடிமை முறையைச் சட்டப்படி ஒழிக்க 1855 ஆயிற்று. தோள்சீலைக்காகப் பெண்கள் அடிபட்டார்கள், 1859 வரை. மதிலை ஒரே இரவில் ஏறத் தெரிந்தவர்களுக்கு இதற்கு ஐம்பது வருஷம் பிடித்தது.

வெல்ஷின் படத்துக்கே திரும்பினால், அதில் இன்னொன்றும் தெரியாது. மதிலில் வாசல் இருந்தது. இரண்டு பக்கமும் ஆள் போய்வந்துகொண்டிருந்த இடம் இது. கிழக்கே போகிற நெல், மேற்கே வருகிற துணி, புகையிலை. திருவிதாங்கூரில் புகையிலை விற்பது அரசின் ஏகபோகம், 1863வரை. அப்படியானால் மதில் யாரைத் தடுக்க நின்றது? படை எப்போதோ வருவது. சுமைக்காரனும் கள்ளச்சரக்குக்காரனும் ஓடிப்போகிற அடிமையும் தினமும் வருகிறவர்கள். இரண்டு மைல் கல்லும் முள்ளும் அவர்களைப் பார்த்து நின்ற நாட்கள்தான் அதிகம். பட்டாளத்துக்காரன் வருகிற நாளில் சுங்கச் சாவடி கோட்டையாகிவிடுகிறது, அவன் அதைக் கோட்டையாகவே வரைகிறான். இந்த அரணைப் பற்றி எழுதப்படுகிற எதிலும் சாவடியை நான் காணவில்லை. அதைப் பற்றி எழுத வேண்டுமென்றால் படத்தை விட்டுவிட்டுச் சுங்கக் கணக்குகளிலும் மிஷன் கடிதங்களிலும் இசக்கி கதைகளிலும் போய்த் தேட வேண்டும்.

இப்போது நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி பஸ்ஸில் போனால் முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலில் டிரைவர் வேகத்தைக் குறைத்துக் காசு போடுவார். ஜன்னலோரம் உட்கார்ந்தால் காற்று முகத்தில் அறையும். இரண்டு பக்கமும் காற்றாலைகள், கண்ணுக்கெட்டிய மட்டும். 1981இல் வந்த ரயில்பாதையும் இதே திறப்பு வழியாகத்தான் போகிறது. 1956 நவம்பர் 1 முதல் கணவாயின் இரண்டு பக்கமும் ஒரே மாநிலம். லாரியை நிறுத்திச் சரக்கைக் கிளறிப் பார்க்கிற வேலை மேற்கே களியக்காவிளைக்கு நகர்ந்துவிட்டது.